புதூர்நாட்டுக்கு ஏறிய தயிர் ஐஸ்

எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். பலாப்பழம் தின்ன வாருங்கள் என்று மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து அலுவலக நண்பர் கூப்பிட்டிருந்தார். அந்தக் கோடையில் திருப்பத்தூருக்கே தயிர் ஐஸ் பைத்தியம் பிடித்திருந்தது. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் மல்லிகாவின் கடை. வடிகட்டிய எருமைத் தயிரில் சர்க்கரை, ஏலக்காய், பலாச்சுளை கலந்து, பீப்பாயில் சுற்றி உறையவைத்துத் தருவார். புளிப்பும் குளிரும் ஒன்றாக நாக்கில் இறங்கும். மலையேறுமுன் ஒரு கிண்ணம் தின்னலாம் என்று காலை எட்டு மணிக்கே போனால், கடை பூட்டிக் கிடந்தது.

மலைக்குப் போகும் ஜீப் நிற்கும் இடத்தில் மல்லிகாவே நின்றிருந்தார். காலடியில் கைப்பிடி வைத்த மரப்பீப்பாய், தயிர்த் தூக்கு, கல்லுப்புப் பை, மரத்தூள் போட்டுச் சாக்கில் சுற்றிய பெரிய ஐஸ் கட்டி.

"இன்னிக்கி கடை கெடையாதுங்க. தம்பிக்குக் கல்யாணம், புதூர்நாட்டுல எங்கப்பா வூட்டுக்குப் போறேன்" என்றார்.

வழியில் மீதியையும் சொன்னார். மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கீழ்நாட்டுக்காரரை விரும்பிக் கட்டிக்கொண்டதிலிருந்து அப்பா பேசுவதில்லை. நாலு வருடமாக மலை ஏறவில்லை. தம்பிதான், கல்யாணச் சாப்பாட்டுக்கு உன் ஐஸ் வேண்டும் என்று ஆள் விட்டிருந்தானாம். "வெறுங்கையோட அப்பா மூஞ்சில முழிக்க முடியாதுங்க."

கிட்டத்தட்ட முப்பது கிலோமீட்டர் வளைந்து ஏறும் பாதை. பாதி தூரத்தில் ரேடியேட்டர் கொதித்து ஜீப் நின்றது. கீழே மூங்கில் காடு. எதிரே அடுக்கடுக்காக மலை. ரசிக்கத்தான் முடியவில்லை. சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஆறணும்மா. ஒரு மணி நேரம் ஆவும்" என்றார் டிரைவர்.

வீட்டுக்குப் போய்ச் சுற்றுவதாக இருந்த மல்லிகா சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "அதுக்குள்ள எல்லாம் தண்ணியாப் பூடும். இங்கியே சுத்திடலாம்."

தயிரைப் பீப்பாயின் நடுவிலிருந்த தகரக் குவளையில் ஊற்றி மூடினார். ஐஸைக் கல்லால் உடைத்து, சுற்றிலும் கல்லுப்போடு திணித்தார். அவர் கை ஓய்ந்தபோது, புளி வியாபாரி ஒருவர் இறங்கி வந்து, "நவுரும்மா" என்று கைப்பிடியை வாங்கிக்கொண்டார். பிறகு ஜீப்பே முறை வைத்துச் சுற்றியது. லேசாக ஓடிய கைப்பிடி, என் முறை வந்தபோது அசைக்க முடியாதபடி கனத்தது. வெயில் கொளுத்தும் அந்தத் தார்ச்சாலையில், தகர மூடியின் ஓரத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது! எத்தனையோ ஊர் பார்த்திருக்கிறேன். அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"கொஞ்சம் தொறந்து காட்டேன்" என்றார் வியாபாரி.

"எளகிடுங்க. சுத்துனவங்க எல்லாரும் கல்யாணத்துக்கு வாங்க."

போனோம். பந்தியில் அப்பாவின் இலையில் ஒரு கரண்டி வைத்துவிட்டு, எதிரிலேயே நின்றார் மல்லிகா. அப்பா நிமிரவில்லை. ஒரு வாய் வைத்தார். கண்ணை இறுக மூடித் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னாம்மா இது, பல்லு கூசுது."

அவர் இலையைக் கொஞ்சம் முன்னால் தள்ளினார்.

"இன்னும் ரவ வையி."

மல்லிகா அவசரமாக அள்ளியதில் பாதி ஐஸ் பாயில் விழுந்தது. என் பங்கை நான் மெதுவாகத் தின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: பலாவுக்கு மே, ஜூன் நல்லது. காலையிலேயே கிளம்புங்கள். மலையில் இரவு தங்கினால் போர்வை அவசியம். வண்டி நின்றால் இறங்கி நாலு பேரோடு பேசுங்கள்.

மறுநாள் நான் இறங்கும்போது மல்லிகா வரவில்லை. அப்பா இருக்கச் சொல்லிவிட்டாராம். கடை ஒரு வாரம் திறக்காது என்று சொல்லிவிடச் சொன்னார். திருப்பத்தூரில் பூட்டிய கதவுக்கு முன் நின்ற கூட்டத்திடம் சொன்னேன். அத்தனை பேரும் என்னைத்தான் திட்டினார்கள்.