யாரோ பின்னிய குல்லா

சிறுவயதில் எங்கள் ஊரில் ஸ்வெட்டர் போட்ட ஆளை நான் பார்த்ததேயில்லை. மரக்காணத்தில் குளிர் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக ஒன்றும் கிடையாது. வருஷத்தில் முக்கால்வாசி நாள் உப்பளத்து வெயில். மீதி நாள் மழையும் கடல் காற்றும். அப்படிப்பட்ட ஊரில் என் அத்தை கம்பளி நூலை மடியில் வைத்துக்கொண்டு குல்லா பின்னிக்கொண்டிருந்தாள். அதனால் அவளைப் பற்றித் தெருவில் இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்ததில் அவளுக்கு மனம் பேதலித்துவிட்டது என்றார்கள் சிலர். அவ்வளவாகப் பேதலிக்கவில்லை, பொழுது போகாமல் செய்கிறாள் என்றார்கள் மற்றவர்கள்.

அத்தை அப்பாவின் தங்கை. அவளுக்கு ஒரு குழந்தை பிறந்தது. மாதம் நிறையாமல், ஐப்பசி மழையில் பிறந்த ஆண் குழந்தை. காய்ச்சல் இல்லை, வேறு நோவும் இல்லை. உடம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்துகொண்டே வந்து இறந்துபோனது. அத்தனை சின்னக் குழந்தைக்கு உடம்புச் சூடு தலை வழியாகவே போய்விடும், தலையையும் காதையும் மூடி வைக்க வேண்டும் என்று அவளுக்கு யாரோ பிறகு சொன்னார்கள். முன்னாலேயே சொல்லக்கூடியவர்கள் யாரும் பக்கத்தில் இருக்கவில்லை. புருஷன் வீட்டில் அவளை ராசியில்லாதவள் என்று முடிவு செய்து அனுப்பிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லாமலே நம்பினார்கள்.

அவளுக்குப் பின்னல் சொல்லிக்கொடுத்தது பாண்டிச்சேரியிலிருந்து வரும் ஒரு அம்மா. மாதம் ஒருமுறை எங்கள் தெருப் பால்வாடிக்கு ஒரு பெரிய பையோடு வருவார். பையில் கலர் கலராக உல்லன் நூலும், நுனியில் கொக்கி வைத்த ஊசிகளும் இருக்கும். முதல் மாதம் உப்பளத்துப் பெண்கள் எல்லாரும் போனார்கள். கூலிக்கு இல்லை, ஆஸ்பத்திரியில் எடை குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கும் மலைப்பக்கம் ஒரு விடுதியில் இருக்கும் அநாதைப் பிள்ளைகளுக்கும் தர்மமாகப் பின்னிக் கொடுக்க வேண்டும் என்று தெரிந்ததும் அடுத்த மாதம் பாதிப் பேர் வரவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் பிள்ளைகளே மழையில் நனைந்துகொண்டுதான் பள்ளிக்கூடம் போனார்கள்.

அத்தை மட்டும் ஒரு மாதமும் விடவில்லை. உப்பளத்தில் வேலை நடக்கும் மாதங்களில் அவளுடைய விரல்கள் உப்புத்தண்ணீரில் வெடித்துக் கிடக்கும். அந்த வெடிப்பில் நூல் மாட்டி இழுக்கும். விரலில் பழைய துணியைச் சுற்றிக்கொண்டு பின்னுவாள். மழை வந்து பாத்திகளில் தண்ணீர் ஏறிவிட்டால் வேலை நின்றுவிடும். அப்போது நாள் முழுக்கப் பின்னல்தான். நூற்கண்டைப் பிடித்துக்கொள்வது என் வேலை. எந்தக் கலருக்குப் பக்கத்தில் எந்தக் கலர் வர வேண்டும் என்று என்னைக் கேட்பாள். எட்டு வயசுப் பெண்ணைக் கேட்டுச் செய்ததால் ஆஸ்பத்திரிக் குழந்தைகள் விசித்திரமான நிறங்களில் குல்லா போட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மா சொல்லிக்கொடுத்த குல்லா உருண்டையாக, தலையோடு நின்றுவிடும். அத்தை அதில் இரண்டு பக்கமும் காதை மூடுகிற மாதிரி மடல் வைத்துப் பின்னினாள். நேரம் கூடுதலாகப் பிடிக்குதே, இவ்வளவு வேண்டாமே என்று அவர் சொல்லிப் பார்த்தார்.

"இருக்கட்டும்மா. காது வழியாவும் சூடு போவுது" என்றாள் அத்தை.

மடல் வைத்த குல்லா அந்தப் பையில் அத்தையுடையது மட்டும்தான். ஒருமுறை அவளையே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், குழந்தைகள் வார்டு சிஸ்டரிடம் அவள் கையாலேயே பையைக் கொடுக்க வைத்தார். திரும்பி வந்த அத்தை அன்றைக்கே அடுத்த குல்லாவுக்கு நூல் எடுத்தாள்.

அந்த வருஷம் என் அம்மா உண்டாகியிருந்தாள். எனக்குப் பிறகு ஒன்று வயிற்றிலேயே கலைந்துபோயிருந்ததால் வீட்டில் எல்லாரும் மெதுவாக நடந்தார்கள், மெதுவாகப் பேசினார்கள். ஒத்தாசைக்கு வானூரிலிருந்து அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, வந்திருந்தாள். பெரியம்மா கெட்டவள் இல்லை. தங்கையின் மேல் உயிரை வைத்திருந்தாள். ஒரு மனிதர் மேல் உயிரை வைத்திருப்பவர்கள் பக்கத்தில் இருக்கிற இன்னொருவரை எவ்வளவு தூரம் மிதிக்க முடியும் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

ஒருநாள் அத்தை மஞ்சள் நூலில் ஒரு குல்லா பின்னி முடித்து, அம்மாவின் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். அம்மா கையை நீட்டினாள். அதற்குள் பெரியம்மா அதை எடுத்துவிட்டாள்.

"நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தப் புள்ளைக்கு வேணாம்மா" என்றாள்.

அத்தை அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மா நீட்டிய கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காத. எனக்கு ஏற்கெனவே ஒண்ணு போயிடுச்சு. பயமா இருக்குது" என்றாள் அம்மா.

"பரவால்ல அண்ணி. ஆஸ்பத்திரிக்குப் போற பையில போட்டுடறேன். எந்தப் புள்ளைக்காவது ஆவும்."

அப்பா வாசற்படியில் உட்கார்ந்து, கேட்காத மாதிரி பீடி பற்றவைத்தார். தங்கைக்காக ஒரு வார்த்தை பேசினால் பெண்டாட்டிக்குப் பயம் கூடும், பேசாமல் இருந்தால் எல்லாம் அடங்கிவிடும் என்று கணக்குப் போடுகிற மனிதர் அவர். பெரும்பாலும் அவர் கணக்குச் சரியாகவே வந்தது.

கார்த்திகை மழையில் அம்மாவுக்கு நாளுக்கு முன்னாலேயே வலி எடுத்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். தம்பி பிறந்தான். உள்ளங்கையில் அடங்கிவிடுவான் என்று அப்பா வந்து சொன்னார். அவனைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லாததால் நானும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கிடந்தேன்.

அத்தையும் இருந்தாள். அவள் இல்லாமல் முடியவில்லை. அம்மாவின் கறைபட்ட புடவைகளை, பிள்ளையின் ஈரத்துணிகளை, பெரியம்மாவின் துணிகளைக்கூட அவள்தான் குழாயடியில் உட்கார்ந்து துவைத்தாள். வெந்நீர் வாங்கிவந்தாள், கஞ்சி வாங்கிவந்தாள், மாத்திரைக்கு வரிசையில் நின்றாள். துவைத்துக் காய்ந்த துணியைப் பெரியம்மா வாங்கி, மறுபடியும் வெந்நீரில் ஒருமுறை அலசி, அதற்குப் பிறகுதான் உள்ளே அனுப்பினாள். அழுக்குத் துணியைத் தொட ராசி தேவைப்படவில்லை. சுத்தமான துணிக்குத்தான் தேவைப்பட்டது.

சில நாள் கழித்துத் தம்பியைப் பெட்டியிலிருந்து எடுத்து அம்மாவிடம் கொடுத்தார்கள். வார்டு வாசலுக்கு அம்மா அவனைத் தூக்கிவந்து காட்டினாள். எலிக்குஞ்சு மாதிரி ஒரு முகம். அந்த முகத்தைச் சுற்றி, சாம்பல் நிறத்தில், ஓரத்தில் மட்டும் குங்குமக் கலர் வைத்து, காதை மூடும் மடலோடு ஒரு குல்லா.

அது மஞ்சள் குல்லா இல்லை. தம்பிக்கென்று பின்னியதும் இல்லை. எப்போதோ ஒரு மதியம், சாம்பல் நூல் தீர்ந்துபோய், குங்குமக் கலர் போடு அத்தை என்று நான் சொன்னதால் அப்படி முடிந்த குல்லா. நான் சட்டென்று அத்தையைப் பார்த்தேன். அவள் என் தோளில் கையை வைத்து அழுத்தினாள்.

பெரியம்மா குல்லாவைத் தடவித் தடவிப் பார்த்தாள். "எந்த மகராசி பின்னிப் போட்டாளோ. அவ குடும்பம் நல்லா இருக்கணும்" என்றாள்.

"காத மூடுதா?" என்று கேட்டாள் அத்தை. தூரத்தில் நின்றபடியே கேட்டாள்.

"நல்லா மூடுது" என்றாள் அம்மா. அவளுக்கு அன்றைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அத்தையைப் பார்த்தும் சிரித்தாள். அத்தையும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

அதோடு போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு அனுப்பிய அன்று, வழியனுப்ப வந்த வார்டு சிஸ்டர் அத்தையைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"நீங்க மரக்காணம்தான? காது வெச்ச குல்லா போட்டுத் தர்றது நீங்கதான?" அத்தை பதில் சொல்வதற்குள் அவர் அம்மாவிடம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரங்களா இவங்க? சொல்லவே இல்லையே. உங்க புள்ள தலையில இருக்கறதே இவங்க போட்டதும்மா. இத போட்டப்புறம்தான் அவனுக்கு உடம்புல சூடு தங்குச்சு. எடை ஏறுற வரைக்கும் கழட்டிடாதீங்க."

நல்ல மனுஷி. சந்தோஷமான சேதி சொல்கிறோம் என்று நினைத்துச் சொன்னார். கேட்ட மூன்று பேருடைய முகத்திலும் சந்தோஷத்தைக் காணாமல் கொஞ்சம் குழம்பித்தான் உள்ளே போனார்.

அப்பாவுக்குத் தெரிந்தவருடைய ஆட்டோவில் கிளம்பினோம். அப்பா டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார். பின்னால் பெரியம்மா ஒரு ஓரம், நடுவில் தம்பியோடு அம்மா, கடல் பக்கத்து ஓரத்தில் அத்தை. அவர்கள் காலடியில் மூட்டைகளின்மேல் நான். கூனிமேடு தாண்டியதும் பெரியம்மா, "எடுத்துடுடி" என்றாள்.

"சிஸ்டர் கழட்ட வேணாம்னு சொன்னாங்களேக்கா."

"அவங்களுக்கு இன்னா தெரியும்? ஒண்ணு போனது பத்தாதா?"

அம்மா அத்தையைப் பார்க்கவில்லை. தம்பியின் தாடைக்கடியில் இருந்த முடிச்சை அவிழ்த்தாள். பெரியம்மா குல்லாவை வாங்கி, தன் பக்கமாக வெளியே விட்டெறிந்தாள். அது ரோட்டோரத் தண்ணீரில் விழுந்ததை நான் எட்டிப் பார்த்தேன். அம்மா தன் முந்தானையைத் தம்பியின் தலையில் சுற்றினாள். அப்பா முன்னாலிருந்த கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்தார் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் அந்தக் கண்ணாடியில் அவரைப் பார்த்தேன். வண்டியை மெதுவாக ஓட்டச் சொன்னார். அவ்வளவுதான்.

தம்பி பிழைத்துக்கொண்டான் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இப்போது நெடுநெடுவென்று வளர்ந்து, பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். சரியான சமயத்தில் அந்தக் குல்லாவைத் தூக்கிப் போட்டதால்தான் அவன் தங்கினான் என்று பெரியம்மா இன்றும் சொல்கிறாள். கேட்பவர்கள் தலையாட்டுகிறார்கள். அத்தை அடுத்த கோடையில் மலைப்பக்கத்து விடுதிக்கு வேலைக்குப் போய்விட்டாள். அங்கே பிள்ளைகளுக்கு ஸ்வெட்டர் பின்னுகிறாள். எங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் அவள் வந்ததில்லை. நாங்களும் வற்புறுத்திக் கூப்பிட்டதில்லை.

அன்றைக்கு ஆட்டோ அனுமந்தையைத் தொடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. கடலிலிருந்து சாய்வாக அடிக்கும் மழை. ஆட்டோவின் கடல் பக்கத்துத் தார்ப்பாய் கிழிந்திருந்தது. அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டி, வெளிப்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தாள். இரண்டு கைகளாலும் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். புடவைத் தலைப்பை விரித்துக் கம்பியோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். ஊர் வரும்வரை ஒருமுறைகூடத் திரும்பவில்லை. நான் அவளுடைய காலைத் தொட்டுக் கூப்பிட்டேன். அப்போதும் திரும்பவில்லை. கோபம் என்று நினைத்தேன். எங்கள் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள், இனிமேல் என்னோடும் பேசமாட்டாள் என்று நினைத்து அழுகை வந்தது.

வீட்டு வாசலில் ஆரத்தித் தட்டோடு பக்கத்து வீட்டம்மா நின்றாள். பெரியம்மா முதலில் இறங்கி, அத்தையிடம், "நீ செத்த அந்தாண்ட நில்லும்மா" என்றாள். அத்தை இறங்கித் தள்ளிப் போய் நின்றாள். அவள் முகம், கழுத்து, புடவையின் முன்பக்கம் முழுக்கத் தண்ணீர் வழிந்தது. கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மடங்கியபடியே விறைத்திருந்தன. அம்மா தம்பியின் தலையிலிருந்து முந்தானையை விலக்கித் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு சொட்டு படலக்கா" என்றாள்.

நான் அத்தை நனைந்திருப்பதைப் பார்த்தேன். தம்பி நனையாமல் இருப்பதையும் பார்த்தேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தெரியவில்லை.