நின்றபடி தூங்கிய அண்ணன்

என் அண்ணன் வேலை நேரத்தில் தூங்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். தூங்கித்தான் செத்தான் என்று எங்கள் வீதியில் இன்னும் நாலு பேர் பேசுகிறார்கள். அவர்கள் வாயை நான் மூட முடியாது, எழுதத்தான் முடியும். மூன்றாவது வரைதான் படித்தேன். பிழை இருந்தால் இருக்கட்டும்.

அண்ணன் பனியன் கம்பெனியில் நிட்டிங் மிஷின் ஓட்டினான். நான் அதே கம்பெனியில் பனியன் மடித்தேன். அந்த வருடம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனால் மிஷின் நின்றுவிடும். ஆனால் வீட்டுக்குப் போகக் கூடாது. வந்த நிமிஷம் மிஷினில் கை இருக்க வேண்டும். அப்படிக் காத்துக்கிடந்த நேரம் வேலை நேரத்தில் சேராது. இது மேஸ்திரி போட்ட சட்டம். நின்ற நேரத்தையெல்லாம் ஓட்டிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அண்ணன் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தபடியே கண் அசந்துவிடுவான்.

அப்போது வானத்தில் ஒரு விண்கலத்துக்குள் மூன்று பேர் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். டீக்கடைப் பேப்பரில் அவர்களைப் பற்றி வந்ததை அண்ணன் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு வந்து சொன்னான். அங்கே மேலும் இல்லை, கீழும் இல்லையாம். படுத்தாலும் நின்றாலும் ஒன்றுதானாம். சுவரில் ஒரு பையை மாட்டி, அதற்குள் புகுந்து, மிதந்து போகாமலிருக்க வாரால் கட்டிக்கொண்டு தூங்குவார்களாம். கட்டாமல் விட்ட கை தானாக முன்னால் எழும்பி நிற்குமாம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பொழுது விடிவதால் வெளிச்சம் படாமல் மறைத்துக்கொள்வார்களாம். தூங்குகிற நேரத்தில் கீழேயிருந்து யாரும் கூப்பிட மாட்டார்களாம்.

“எட்டு மணி நேரமாமா அம்மிணி. தூங்கறதையும் வேலைன்னே எழுதி வெச்சிருக்காங்களாமா” என்றான். அந்த எட்டு மணி நேரத்தைத்தான் அவனால் நம்ப முடியவில்லை. வானத்தில் பறப்பதையெல்லாம் நம்பிவிட்டான்.

பனியன் துணி மிஷினிலிருந்து குழாயாகத்தான் இறங்கும். ஓட்டை விழுந்து கழித்துப் போட்ட குழாய் ஒன்றை ஆள் உயரத்துக்கு வெட்டி, அடியில் முடிச்சுப் போட்டு, குடோன் ஜன்னல் கம்பியில் மாட்டினான். கரண்ட் போனதும் அதற்குள் இறங்கி, இடுப்பை நாடாவால் கம்பியோடு கட்டிக்கொள்வான். ஈ மொய்க்கிறது என்று தலைக்கு மேலும் துணியை இழுத்துவிட்டுக்கொள்வான். மடிக்கிற பெண்கள் வாசலில் நின்று, “ஏனுங்க, மேல மழை பேயுதுங்களா?” என்று கேட்பார்கள். “மழையெல்லாம் இல்லீங்க. இங்கயும் கரண்ட் இல்லீங்க” என்று உள்ளேயிருந்து பதில் வரும். நானும்தான் சிரித்தேன்.

விண்வெளி மேல் ஆசைப்பட்டு அவன் அப்படித் தூங்கவில்லை. கீழே படுத்தால் மேஸ்திரி காலால் எத்துவார். நிற்கிறவனை எத்த மாட்டார். அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் கரண்ட் இல்லாத நேரத்தில் நூல் மூட்டை வந்து இறங்கியது. வெயில் பட்டால் துணி பழுப்பேறும் என்று குடோன் ஜன்னலை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். லோடு இறக்குகிறவர், ஜன்னலோரம் நின்றதைத் துணிச்சுருள் என்று நினைத்து அதன் மேல் சாய்த்து மூட்டைகளை அடுக்கிவிட்டார். அடுக்கு சரிந்து அண்ணனை அமுக்கியது. கை இரண்டும் குழாய்க்குள் இருந்தன. கரண்ட் வந்து எல்லா மிஷினும் ஓடியது, அவன் மிஷின் மட்டும் நின்றது. மேஸ்திரி அவனைத் திட்டிக்கொண்டே தேடினார். அதற்குப் பிறகுதான் மூட்டைகளை இழுத்தார்கள்.

மூன்றாம் நாள் மேஸ்திரி, அண்ணன் செத்த விதத்தைக் கம்பெனி எழுதிய ஒரு காகிதத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். லோடு இறக்குகிறவரும் கூட வந்தார். அப்பா கைநாட்டு வைக்க வேண்டுமாம். அப்பா எதையும் கேட்காமல் கையை நீட்டினார். நான் காகிதத்தைப் பிடுங்கிப் படித்தேன். ‘வேலை நேரத்தில் தூங்கியபோது’ என்று இருந்தது. அதை எடுத்துவிடச் சொன்னேன். ஒரு வார்த்தைக்குப் போய்ச் சண்டை பிடிக்கலாமா என்றார் மேஸ்திரி.

“அப்ப கரண்ட் இருந்துச்சுங்களா?” என்று கேட்டேன்.

“இருந்துச்சு கண்ணு.”

கண் சிமிட்டாமல் சொன்னார். பாடைக்கு முன்னால் நின்று அழுத அதே வாய்.

லோடு இறக்குகிறவர் பதறிவிட்டார். “இல்லீங்க மேஸ்திரி. லைட்டு எரிஞ்சிருந்தா ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமுங்களே. கும்மிருட்டுங்க.”

எங்களுக்காக அவர் அதைச் சொல்லவில்லை, தன் தலை தப்பத்தான் சொன்னார். ஆனால் துக்கத்துக்கு வந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்துவிட்டது.

“கரண்ட் இல்லாத நேரம் வேலையில சேராதுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. உசுரோட இருந்தப்ப சேராதது, செத்ததுக்கப்புறம் எப்படிங்க சேந்துச்சு?”

மேஸ்திரி பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார். மேலே ‘கரண்ட் இல்லாத நேரத்தில் ஓய்வாக இருந்தபோது’ என்று எழுதினார். அடித்த எழுத்து அடியில் தெரிகிறது என்றேன். மறுபடி அடித்தார். இன்னும் தெரிகிறது என்றேன். அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்தது.

“போதுமா கண்ணு?”

“போதாதுங்க” என்றேன். ஆனாலும் அப்பாவின் கட்டைவிரலைப் பிடித்து மையில் வைத்தது நான்தான்.