பரோட்டா மாஸ்டரின் வலக்கை

மயக்க மருத்துவரின் முகத்தை எவரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. ஊசியை மட்டும் மறப்பதில்லை. ஒரு முறையேனும் ஊசிக்குக் கண்களை இறுக மூடிக்கொண்ட வாசகர்களே, நீங்கள் ஆரோக்கியம் என்ற நோயாளியைப் புரிந்துகொள்வீர்கள். திருவானைக்காவல் கடையொன்றில் பரோட்டா மாஸ்டரான அவர், வழுக்கி விழுந்து வலது முன்கை எலும்பை முறித்துக்கொண்டு, நான் மயக்க மருத்துவராகப் பணியாற்றிய தில்லை நகர் மருத்துவமனைக்கு வந்தார். அந்தக் கையை நம்பியே குடும்பம் இருந்தது. அவருடைய தந்தைக்கோ பக்கவாதத்தில் மரத்த கை கடைசிவரை மீளவில்லை.

எந்த நரம்பு?

இதயம் பலவீனமாக இருந்ததால் முழு மயக்கம் தர நான் விரும்பவில்லை. "நரம்புல மருந்து போடுவேன்; கை மட்டும் கொஞ்ச நேரம் மரத்துப்போகும்" என்றேன். உடனே இடக்கையை நீட்டிப் புறங்கையைத் தட்டிக் காட்டினார். நம் பேச்சில் குளுக்கோஸ் ஏற்றும் இரத்தக்குழாயும் நரம்பு. உணர்வைக் கடத்துவதும் நரம்பு. கைக்குரிய நரம்புகள் கழுத்திலிருந்து இறங்கித் தோளருகே காறை எலும்பின் பின்னே சேர்ந்து வருகின்றன, ஊசி அங்கேதான் என்று விளக்கினேன். அவர் மனைவியிடம் திரும்பினார்.

"ஒடைஞ்சது இங்க, ஊசி அங்கயாம். ஆள் மாறிப்போச்சு போல, நல்லாப் பாக்கச் சொல்லு புள்ள!"

சுர்

இப்போது அந்நரம்புகள் ஸ்கேன் திரையில் திராட்சைக் கொத்துப்போலத் தெரிகின்றன. அன்று எனக்குத் துணை என் விரல் நுனியும் நோயாளியின் வாயும்தான். காறை எலும்புக்கு மேலே துடிக்கும் தமனியைத் தொட்டறிந்து, அதன் அருகே ஊசியைச் செலுத்துவேன். நரம்பை நெருங்கினால் விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோலிருக்கும். அதை அவர் சொல்ல வேண்டும். "சுர்ருன்னா சொல்லுங்க. ஆடக் கூடாது" என்று கண்டிப்பாகவே கூறியிருந்தேன். ஊசி இறங்கியது. "ஒன்னும் தெரியலையா?" என்றேன்.

"அப்பவே சுர்ருன்னுச்சு டாக்டரம்மா. நீங்கதான் ஆடாதேன்னீங்க, பேசுனா தாடை ஆடுமில்ல?"

யாருடைய கை?

அறுவை நல்லபடியாக முடிந்தது. வார்டில், போர்வைக்குள் இடக்கையால் எதையோ தொட்டு அலறினார். அவருடைய வலக்கைதான். "அப்பாவுக்கும் இப்படித்தாங்க கெடந்துச்சு. இனி மாவு யாரு அடிக்கிறது?" என்று கண் கலங்கினார். மருந்தின் வேகம் தணிந்ததும் கை மீளும் என்றேன்; நம்பவில்லை. அவர் மனைவியின் பொறுமை தீர்ந்தது.

"ஒத்தக் கையிலயே இந்த ரகளை! ரெண்டும் வந்தா வார்டு தாங்குமா?"

திரும்பி வந்தது

மாலையில் அதே கட்டிலிலிருந்து கூச்சல் கேட்டு விரைந்தேன். கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் மெல்ல அசைந்தன. முகம் வேதனையில் சுருங்க, வாய் நிறையச் சிரித்தார்.

"வலிக்குது டாக்டரம்மா, நல்லா வலிக்குது! நீங்க மகராசியா இருக்கணும்!"

வலியை விரட்டுவதற்கென்றே படித்த என்னை மனமார வாழ்த்தியவர், வலி திரும்பியதற்காக வாழ்த்திய அந்த ஒருவர்தாம்.