களிக்கடைக்கு யோசனை சொல்ல வந்த பேட்டையம்மா

காவிரித் தண்ணீரிலிருந்து கரண்டு வந்து தங்கச் சுரங்கத்தில் விளக்கு எரிந்ததே, அந்த வருஷம் நடந்த சங்கதி இது. சுற்றுப்பட்டு ஜனமெல்லாம் வண்டி பூட்டிக்கொண்டு விளக்கைப் பார்க்க வந்தது. தண்ணீரிலிருந்து வெளிச்சம் எப்படி வரும் என்று எங்கள் மாமா கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. கம்பிக்குக் கீழே நடக்க மாட்டார், சுற்றிக்கொண்டுதான் போவார். ஊரே திருவிழா மாதிரி இருந்தது. அப்படி இருந்தும் எங்கள் கடையில் களி மீந்தது. அதனால்தான் அந்த வருஷம் எனக்கு மறக்கவில்லை.

மாமா என்றால் என் அக்காள் வீட்டுக்காரர். முன்னே சுரங்கத்தில் வேலை செய்தவர். ஒருநாள் பூமிக்கு அடியில், லெவல் என்கிற சுரங்கப் பாதையில் பாறை சரிந்து, கூட நின்ற இரண்டு பேர் மேலே வரவில்லை. இவர் தோள்பட்டை நசுங்கியதோடு வந்துவிட்டார். அன்றைக்கே அக்கா சொல்லிவிட்டாள், இனிமேல் நீ ஆளைக் கீழே இறக்குகிற அந்தக் கேஜில் கால் வைத்தால் நான் இந்த வீட்டில் இல்லை என்று. அப்புறம்தான் மூன்று பேரும் சேர்ந்து மாரிகுப்பத்திலிருந்து ஷாப்ட்டுக்கு, அதாவது சுரங்கக் குழி வாசலுக்கு, ஏறுகிற சரிவில் களிக்கடை போட்டோம். அக்கா கிண்டுவாள். மாமா உருட்டுவார். கேழ்வரகு, விறகு, தண்ணீர் எல்லாம் என் பொறுப்பு. அப்போது எனக்குக் கல்யாணம் ஆன புதுசு. என் சம்சாரம் இன்னும் ஊரில்தான் இருந்தாள், ஆடி கழித்து அழைத்துவரலாம் என்று. சரி, அது வேறு கதை.

மாமா களி உருட்டுவதைப் பார்க்கவே நாலு பேர் நிற்பார்கள். மரச்சட்டியில் தண்ணீர் தெளித்து, ஆவி பறக்கிற களியைப் போட்டு ஒரு சுழற்று சுழற்றுவார். விரிசல் ஒன்று இருக்காது. ஒவ்வொரு உருண்டையும் இளம் தேங்காய் அளவு. தாது வருஷப் பஞ்சத்தில் தப்பித்த மனுஷன் அவர். தம்பி தங்கை எல்லாம் போய், இவர் ஒருத்தர் நின்றார். தன் கையால் ஒருத்தனுக்குச் சாப்பாடு கொடுத்தால் அவன் வயிறு நிறைந்து, மேலேயும் கொஞ்சம் மிஞ்ச வேண்டும் என்பது அவர் கணக்கு.

கீழே இறங்குகிற ஆட்கள் ஷிப்ட்டுக்கு முன்னால் வந்து, உருண்டையைப் புரச இலையில் கட்டிக்கொண்டு போவார்கள். முதலில் கடை நன்றாகத்தான் ஓடியது. அப்புறம் ஒவ்வொருத்தராக நின்றார்கள். எங்கேயும் சண்டை இல்லை, ருசியும் மாறவில்லை. எதிரே பார்த்தால், "இன்னா மாமா, சௌக்கியமா?" என்று கேட்டுவிட்டுக் கடையைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

மாமாவுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. உருண்டையை இன்னும் பெரிதாக்கினார். ஆள் இன்னும் குறைந்தது. இன்னும் பெரிதாக்கினார். பிறகு தகரக் கூரை போடலாம், பெஞ்சு போடலாம் என்று ஆரம்பித்தார்.

"கூரைய யாரு துன்றது?" என்று அக்கா கேட்டாள்.

இதற்கு நடுவில் ஆள் சேர்க்கிற மேஸ்திரி கடைக்கு வந்தான். "இன்னா நைனா, கரண்டியும் கையுமா எத்தினி நாளு? கீழ உன் எடம் காலியாத்தான் கீது" என்றான். மாமா அக்காவைப் பார்க்காமல், "தை பொறக்கட்டும். கட ஓடலன்னா வந்துர்றேன்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா அவரோடு பேசவில்லை. களியைக் கிண்டுகிற சத்தத்திலேயே அவள் கோபம் தெரியும். பானை உடைந்துவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் பவுரிங்பேட்டையில் அந்த அம்மாளைப் பார்த்தேன். இப்போது பங்காரப்பேட்டை என்கிறீர்கள். நான் கேழ்வரகு வாங்க அங்கே போவேன். ஸ்டேஷன் பக்கத்தில் மூன்று சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். கனத்த உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. புருஷன் போன பிறகு ஒரு இட்லிப் பானையோடு ஆரம்பித்தவர் என்றார்கள். மண்டிக்காரர்கள், வளையல் கடைக்காரர்கள், ஒரு செங்கல் சூளைக்காரர் என்று யாருக்குத் தொழில் படுத்துக்கொண்டாலும் அவரிடம்தான் போய் யோசனை கேட்பார்கள். நானும் போய் நின்றேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இங்க குந்திகினு நான் இன்னா சொல்றது? ரயிலு சீட்டு எடுத்துக் குடு, வந்து பாத்துட்டுச் சொல்றேன். ஒரு வேள களி போடணும், ஆமா" என்றார். நாங்கள் பேட்டையம்மா என்றே கூப்பிட ஆரம்பித்தோம்.

அடுத்த வாரமே ரயிலில் மாரிகுப்பம் வந்து இறங்கினார். மாமா வாசலிலேயே நின்று தன் உருண்டையை எடுத்துக் காட்டினார்.

"இன்னாய்யா இது, களியா, அம்மிக்கல்லா?"

"நம்ம கையி அப்டிம்மா. வர்றவன் வயிறு நெறையணும்."

"வர்றவன் எங்க கீறான்? எனக்கு ஒருத்தனையும் காணோமே."

மாமாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பேட்டையம்மா சாப்பிட உட்கார்ந்தார். பாதி உருண்டைக்கு மேல் அவராலேயே முடியவில்லை. மிச்சத்தை இலையில் மடித்து மடியில் வைத்துக்கொண்டார். களியை எறிய எங்கள் ஜனத்துக்குக் கை வராது. ராத்திரி தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் கூழாகக் கரைத்தாவது குடிப்போமே தவிர, எறிய மாட்டோம். அவரும் எங்கள் பக்கத்து மனுஷிதான்.

அக்காவிடம், "ருசி கீதும்மா, கொற ஒண்ணியும் இல்ல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ விக்கிற களி எங்க போவுது?" என்று கேட்டார்.

"கீழ ஷாப்ட்டுக்கும்மா."

"அப்பறம்?"

"துன்னுவாங்க."

"நீ பாத்தியா?"

நான் எங்கே பார்த்தேன்? விற்றதோடு என் வேலை முடிந்தது என்று இருந்தேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். நானும் பின்னால் போனேன்.

மத்தியானம் ஷிப்ட் முடிந்து ஆட்கள் மேலே வருகிற நேரம். கேட்டுக்கு இந்தப் பக்கம் வெற்றிலைக்காரி ஒருத்தி உட்கார்ந்திருப்பாள். அவள் பக்கத்தில் பேட்டையம்மாவும் உட்கார்ந்துவிட்டார். கேஜ் மேலே வந்து வந்து ஆட்களைக் கொட்டியது. சேறும் வேர்வையுமாக, கண் மட்டும் வெள்ளையாக வருவார்கள். வரிசையில் நின்று சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரலாம். தலைப்பாகையை அவிழ்த்துக் காட்ட வேண்டும், வாயைத் திறந்து காட்ட வேண்டும். அது பழகிப்போன விஷயம். ஆனால் அந்த வருஷம் சோதனையைக் கெடுபிடியாக்கியிருந்தார்கள். யாரோ ஒருத்தன் சோற்றுக்குள் தங்கக் கல்லை வைத்துக் கொண்டுவந்தானாம். மெய்யோ பொய்யோ, எனக்குத் தெரியாது.

எங்கள் கடை இலைக்கட்டோடு ஒருத்தர் வந்தார். முன்னே தினமும் வாங்கிக்கொண்டிருந்தவர், இப்போது எப்போதாவது வருபவர். கட்டில் பாதிக் களி மிச்சம் இருந்தது. காவல்காரன் இலையைப் பிரித்து, களிக்குள் குச்சியை விட்டுக் கிளறினான். பிறகு அதை நாலாகப் பிட்டு, பிசைந்து, தரையிலேயே கொட்டிவிட்டான். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். "இன்னாபா, உள்ள பவுனு கெடச்சுதா?" என்று ஒருத்தன் காவல்காரனைக் கேட்டான். களிக்காரர் சிரிக்கவில்லை. தரையில் கிடந்ததைக் குனிந்து பார்த்தார். எடுக்கவும் முடியாமல் மிதிக்கவும் முடியாமல் தாண்டி வந்தார்.

பேட்டையம்மா அவருக்கு ஒரு வெற்றிலை மடித்துக் கொடுத்தார். "இன்னாத்துக்குபா மிச்சம் வெச்ச? அங்கயே துன்னுட்டு வர்றது தான?"

"அவ்ளோ பெரிசு எவன் துன்னுவான்? கீழ இன்னா சூடு தெரியுமா? வவுறு நெறையத் துன்னா சுத்தியலத் தூக்க முடியாது."

"அப்ப கீழயே போட்டுட்டு வா."

"களியவா?" என்று அவர் பேட்டையம்மாவை ஒரு மாதிரிப் பார்த்தார். "எங்கம்மா அந்தப் பஞ்சத்துல ஒரு வாய் களிக்கு எத்தினி ஊரு நடந்தா தெரியுமா? போடச் சொல்றியே. அதுக்கு வாங்காமலே இருக்கலாம். பசியோட வேல செஞ்சிட்டு ஊட்டுக்குப் போயி துன்றேன்."

"இத்த கடக்காரர் கிட்ட சொன்னியா?"

"எப்டிச் சொல்றது? ஆசையா உருட்டிக் குடுக்குற மனுசன் கிட்ட கொறச்சிக் குடுன்னா?"

பேட்டையம்மா எழுந்தார். "வர்றவன விசாரிச்சா, நல்லா கீதுன்னு தான் சொல்லுவான். வராதவனத் தேடிப் புடிச்சிக் கேக்கணும். வா" என்றார்.

கடைக்கு வந்து மாமாவிடம் ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். காவல்காரன் பிசைந்ததைச் சொன்னபோது மாமா கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஒரு பெரிய உருண்டைய ரெண்டு சின்னதாப் பண்ணு. ஒண்ணு வேணும்னாலும் ஒருத்தன் வாங்கணும், ரெண்டு வேணும்னாலும் வாங்கணும். திரும்பி மேல வரக் கூடாது, அத்த மட்டும் பாரு" என்றார் பேட்டையம்மா.

மாமா தலையை ஆட்டினார். "கோலிகுண்டு மாதிரி களி குடுத்தா நம்மூரு ஆளு மூஞ்சிலயே துப்புவான். எங் கைக்கு அது வராதும்மா. அதுக்கு நான் கேஜுலயே போறேன்."

அவர் விளையாட்டாகச் சொன்னாரா, வீம்புக்குச் சொன்னாரா தெரியாது. அக்கா எழுந்து வந்தாள். அத்தனை நாள் பேசாதவள், மரச்சட்டியில் இருந்த உருண்டையை எடுத்து, சூட்டோடு சூடாக அவர் கண்ணுக்கு முன்னால் இரண்டாகப் பிட்டாள். இரண்டையும் தனித்தனியாக உருட்டி வைத்தாள். கை சிவந்துவிட்டது.

"இத்த வித்துட்டு மேலயே இரு. இல்ல, பெரிசா உருட்டி வெச்சிட்டுக் கீழ போ. எது வேணும், சொல்லு."

மாமா அதில் ஒன்றை எடுத்து, "இதுல விரிசல் கீது" என்று சொல்லி மறுபடி உருட்டினார். அதுதான் அவர் சம்மதம்.

முதல் நாள் எங்களைக் கிண்டல் செய்தே தீர்த்துவிட்டார்கள். "இன்னா மாமா, உருண்ட குட்டி போட்டுச்சா?" என்றான் ஒருத்தன். "ஆமாம்பா, தாயும் புள்ளையுமா இட்டுகினு போ. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு" என்றார் மாமா. அந்தப் பேச்சு ஆட்களுக்குப் பிடித்துவிட்டது. கீழே இறங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒன்று, வேலை முடிகிறதுக்கு முன்னால் ஒன்று என்று வழக்கமாகவே ஆகிவிட்டது. இலையைக் கீழேயே போட்டுவிட்டு வெறுங்கையோடு மேலே வந்தார்கள். காவல்காரனுக்குப் பிசைய ஒன்றும் இல்லை.

எல்லாம் பேட்டையம்மா சொன்னபடியே நடந்தது என்று நினைக்காதீர்கள். கூடவே கருவாட்டுக் குழம்பும் இலையில் வைத்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார். அது ஒழுகி, கேஜ் முழுக்க நாறி, கூட இறங்கினவர்கள் எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டினார்கள். அடுத்த தடவை அவர் வந்தபோது மாமா அதைக் குத்திக் காட்டினார். பேட்டையம்மா வயிறு குலுங்கச் சிரித்தார். "ரயிலு காத்துல விக்கிறவ நான், எனக்குக் கேஜு எப்டித் தெரியும்? சொல்றது என் வேல. பாத்து மாத்தறது உன் வேல." கொள்ளுத் துவையலுக்கு மாற்றியது அக்காவின் யோசனை. இன்றைக்கும் அந்தத் துவையல் வாசனை வந்தால் எனக்கு இன்னொரு கவளம் இறங்கும்.

நான் அப்போது துள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஷாப்ட்டுகளிலும் கடை போடலாம், எங்கே எங்கே போடலாம் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"எங்கன்றத அப்பறம் பாக்கலாம். யாரு குந்துவாங்க, அத்தச் சொல்லு" என்றார். எண்ணிப் பார்த்தேன், நாங்கள் மூன்று பேர்தான். "கடைக்கு ஆளத் தேடாத. ஆளு கெடச்சப்பறம் கடையப் போடு. என் மூணாவது கட ரொம்ப நாளு பூட்டியே கெடந்துது, தெரியுமா?"

அதனால் பொறுத்தோம். என் சம்சாரம் ஊரிலிருந்து வந்து, அக்காவிடம் கிண்டப் பழகி, அவள் களியையும் அக்கா களியையும் ருசியில் பிரிக்க முடியாது என்று ஆன பிறகுதான் அடுத்த ஷாப்ட் பக்கம் இரண்டாவது கடை போட்டோம். எங்கள் பிள்ளைகள் எல்லாம் அந்தக் கடையில்தான் வளர்ந்தன.

அதற்கெல்லாம் முன்னாலேயே தை பிறந்தது. மேஸ்திரி சொன்னபடி வந்து நின்றான். ஷிப்ட் இறங்குகிற நேரம், கடை முன்னால் கும்பல். மாமா தலை நிமிராமல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா நைனா, வரேன்னு சொன்னியே?"

"எங்கப்பா வர்றது? கை ஒழியல."

"அப்ப எப்ப ஒழியும்?"

மாமா பதில் சொல்வதற்கு முன்னால் அக்கா ஒரு இலையில் இரண்டு உருண்டையும் துவையலும் வைத்து மேஸ்திரி கையில் திணித்தாள். "துன்னுட்டு நடயக் கட்டு. அவரு கை ஒழியாது" என்றாள். கும்பல் சிரித்தது. மேஸ்திரியும் சிரித்துவிட்டான். அங்கேயே நின்று இரண்டையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அன்று மத்தியானம் அக்கா மாமாவைப் பார்த்து, "தோள்ல எண்ண தேய்க்கட்டா?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. மாமா அதற்கப்புறம் ஒரு நாளும் கேஜில் ஏறவில்லை.

இப்போது பெரிய பெரிய கம்பெனி நடத்துகிறவர்கள் உங்களுக்குப் பழக்கம் இருக்கும். எனக்கு எழுத்து வாசனை கிடையாது, அவர்களிடம் போய்ச் சொல்ல வழியும் இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது, இன்னும் பெரிதாகக் கட்டப் போகிறேன் என்று யாராவது கிளம்பினால், கொஞ்சம் நிறுத்திவைத்து இதைச் சொல்லுங்கள். சரக்கு போகிற வழியிலேயே ஒரு நாள் நடந்துபோய், அது எங்கே போய் முடிகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். என் பேரைச் சொல்ல வேண்டாம். பேட்டையம்மா சொன்னதாகச் சொன்னால் போதும்.