கழுத்துக் கோணிய தாரா

பத்மாவதி சமைத்த சோறு ஆரம்பத்தில் செத்துப்போன அப்பாக்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. சிரிக்காதீர்கள், உள்ளதைத்தான் சொல்கிறேன்.

பர் துபாயில், மீனா பஜாருக்குப் பின்னால் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. அதில் அவள் சமையல்காரியாகச் சேர்ந்த புதிது. யாழ்ப்பாணத்துக்காரி. கையில் ருசி, வாயில் காரம், இரண்டும் தாராளம். அலுவலகங்களுக்கு டிபன் கேரியர் அனுப்புவதுதான் கடையின் பெரிய வியாபாரம். முதலாளியம்மா ஹஃபீஸா எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர். ஐடி கார்டைப் பார்த்து ஒவ்வொருவருடைய கடைசிப் பெயரையும் எழுதிக் கேரியரில் ஒட்டினார். நம்முடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயர் ஏது? கடைசியில் நிற்பது அப்பாவின் பெயர். சாப்பாடு கொண்டுபோகும் கார்மேகம் அலுவலக வாசலில் நின்று "ஆறுமுகம்! சோமசுந்தரம்!" என்று கத்துவார். உள்ளே ஷ்யாம்களும் சேதுராமன்களும் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுவார்கள். ஒருநாள் இரண்டு ஆறுமுகங்களின் பிள்ளைகளுக்குள் கேரியர் மாறி, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக, விரதக்காரர் நண்டுக் குழம்பைத் திறந்துவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ ஹஃபீஸாக்கா," என்றாள் பத்மாவதி. "அப்பான்ர பேரைச் சொல்லிப் படைக்கிறது திவசத்திலதான். உயிரோட இருக்கிறவனுக்கு அவனவன்ர அடையாளத்தோட குடுப்பம்."

சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கி வந்து, ஒவ்வொரு கேரியரிலும் படம் கீறினாள். ஸ்டோர் சாவி வைத்திருப்பவருக்குச் சாவி. வெயிலில் குடையோடு திரிபவருக்குக் குடை. விரதக்காரருக்குக் கத்தரிக்காய். அதற்குப் பிறகு ஒரு கேரியரும் மாறவில்லை.

வசீகரனுக்கு மட்டும் மயில் கீற ஆசைப்பட்டாள். கணக்குப் பிரிவில் வேலைக்கு வந்த நல்லூர்ப் பெடியன், முருக பக்தன். கீறி முடித்துப் பார்த்தால் மயிலைக் காணோம், வாத்து நிற்கிறது. யாழ்ப்பாணத்தில் வாத்தைத் தாரா என்பார்கள். அதுவும் கழுத்துக் கோணிய தாரா.

"என்னக்கா இது, தாரா கழுத்துப் பிடிப்போட நிக்குது?" என்று கேட்டான்.

"சோறு மயிலுக்கும் ஒண்டுதான், தாராவுக்கும் ஒண்டுதான். திண்டிட்டுப் போம்."

அன்றையிலிருந்து அவன் தாரா. தாய் அவன் படிக்கிற காலத்திலேயே செத்துப்போனாள். தகப்பன் வேறொரு நாட்டில் வேறொரு குடும்பம் தேடிக்கொண்டவர். இவனுக்கு அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை, கண்டு உடம்பெல்லாம் கொப்பளம் போட்டபோது ரூம்காரர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு பறந்துவிட்டார்கள். பத்மாவதிதான் தெருவோரத்து வேம்பில் இலை ஒடித்து, கஞ்சியும் கொண்டுபோய், "குடிக்காட்டி அடிதான் விழும்" என்று அதட்டிக் குடிக்க வைத்தாள். வாயைத் திறந்து சொல்லமாட்டாளே தவிர, அவனைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே அவள் நினைத்திருந்தாள்.

அவனுக்கு மேனுஜாவோடு கலியாணம் சரிவந்தது. மண்டபம் சோடிக்கிற கொம்பனிக்காரர்கள் வாசலில் இரண்டு வீட்டுச் சின்னமும் வைப்பார்களாம், வெள்ளைக்காரப் பிரபுக்கள் வீட்டுக் கேடயம் மாதிரி. கடைசிப் பெயரைக் கம்ப்யூட்டரில் அடித்தால் சின்னம் வந்துவிடுமாம். தகப்பன் பெயரை அடித்ததற்கு வாளேந்திய சிங்கம் வந்திருந்தது. வசீகரன் அதைக் கொண்டுவந்து காட்டினான்.

"அந்த மனுசனுக்குச் சிங்கமோ?" பத்மாவதிக்குப் பத்திக்கொண்டு வந்தது. "நரியைப் போடச் சொல்லு!"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு தன் கேரியரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். அந்தக் கேரியர் அந்தக் கிழமை முழுக்கத் திரும்பி வரவில்லை. "கலியாண மாப்பிள்ளைக்கு இப்ப சட்டிபானை ஞாபகம் வருமே?" என்று அவள் பொரிந்து தள்ளினாள்.

அடுத்துக் கலியாணக் கார்ட் வந்தது. ஹஃபீஸாவுக்கு ஒன்று, கார்மேகத்துக்கு ஒன்று, சாவிக்காரருக்கும் குடைக்காரருக்கும் ஒவ்வொன்று. பத்மாவதிக்கு இல்லை. அவளிடம் வந்து, "அக்கா, ஞாயிற்றுக்கிழமை வெள்ளன வந்திடுங்கோ. நீங்கள் இல்லாட்டி ஒண்டும் நடவாது," என்று மட்டும் சொன்னான்.

அவளுக்கு விளங்கிவிட்டது. சமையலுக்குக் கூப்பிடுகிறான். அகப்பை பிடிக்கிற கைக்குக் கார்ட் எதற்கு? "ஓம், வாறன்," என்றாள். அன்று வைத்த தேங்காய்ப்பால் சொதியில் உப்புப் போட மறந்தாள். அப்படி அவள் மறந்ததே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பழைய பருத்திச் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தன் அகப்பையையும் எடுத்துக்கொண்டு, கலியாணம் நடக்கிற ஓட்டலின் பின்வாசலால் நேரே குசினிக்குள் நுழைந்தாள். "கோன் ஹை ஆப்?" என்று, யார் நீ என்பதை இந்தியில் கேட்ட சமையல்காரரை விலக்கிவிட்டுச் சாம்பாரை நக்கிப் பார்த்தாள். "பாய், நமக் மாஃபி!" என்று, உப்பில்லை என்பதைப் பாதி இந்தியிலும் பாதி அரபியிலும் சொன்னாள். மனம் எரிந்தாலும் அவன் கலியாணத்தில் சாப்பாடு பிழைக்கக்கூடாது, அவ்வளவுதான்.

அப்போது பட்டுச்சேலையும் மூச்சிரைப்புமாக ஒரு பெண் ஓடி வந்தாள். மேனுஜாவின் அக்கா லக்சிகா.

"நீங்கள்தானே பத்மாவதி அக்கா? ஐயோ, இஞ்ச என்ன செய்யிறியள்? பால் அறுகு வைக்க ஆளில்லாமல் மாப்பிள்ளை வெறும் மேலோட குந்திக்கொண்டிருக்கிறார்!"

பாலில் தோய்த்த அறுகம்புல்லை மாப்பிள்ளையின் தலையில் வைப்பது அவன் வீட்டுப் பெரியவர்கள். அது பத்மாவதிக்குத் தெரியாததா? காதில் விழுந்தது மனதுக்குள் இறங்கத்தான் நேரமெடுத்தது. லக்சிகா அவளை இழுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகப் போனாள்.

வாசலில் இரண்டு கேடயங்கள். பெண் வீட்டுக்குத் தாமரை. மாப்பிள்ளை வீட்டுக்குத் தங்கக் கரை போட்ட கேடயத்தின் நடுவே, சிவப்பாக, கழுத்துக் கோணிய தாரா.

"கழுத்தை நிமித்திக் கீறிக்கொண்டு வந்தவங்கள். இவர் சண்டை பிடிச்சுத் திரும்பக் கோணலாக்கிப் போட்டார்," என்றாள் லக்சிகா. "ஆம்பிளை இவ்வளவு பிடிவாதமோ எண்டு அப்பா கேட்டவர்."

உள்ளறையில் புது வேட்டியும் சால்வையுமாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தால், அவளுடைய புருஷன் இரத்தினசிங்கம். புஜைரா துறைமுகத்தில் வேலை, வாரத்தில் ஒருநாள் வருகிறவர். "எங்கையப்பா போனனீ?" என்றார் அவர். "தம்பி எனக்குப் போன் பண்ணினவன். உனக்குத் தெரியும் எண்டு இருந்திட்டன்."

"நல்லா இருந்தியள்!" என்றாள். அப்படியே வசீகரன் பக்கம் திரும்பினாள். "ஊருக்கெல்லாம் குடுத்தனி. எனக்கேன்ரா கார்ட் தரேல்ல?"

அவன் திகைத்துப்போய் நிமிர்ந்து பார்த்தான். "ஆரக்கா தன்ர வீட்டு ஆக்களுக்குக் கார்ட் குடுக்கிறது?"

பத்மாவதி கையில் இன்னும் சாம்பார் ஒட்டிய அகப்பை. லக்சிகா அதை மெதுவாக வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் தாய் இடத்தில் நிற்பவளுக்கென்று வசீகரன் எடுத்துவைத்திருந்த பட்டுச்சேலையை நீட்டினாள்.

அவள் உடுத்திக்கொண்டு வந்து, கணவரோடு சேர்ந்து நின்று, அறுகைப் பாலில் தோய்த்தாள்.

"தலையைக் குனியடா, தாரா."

அவன் குனிந்தான். பால் அவன் நெற்றியால் வழிய, அவளுடைய கண்ணீரும் வழிந்தது. துடைக்கவில்லை.

"முருகா, உனக்குக் கோடி கும்பிடு," என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படியாகவே. "அண்டைக்கு எனக்கு மயில் கீற வராமல் பண்ணினியே!"