வெளியே பூட்டிய வீடு

ஓவியத்துக்கு வார்னிஷ் பூசினால் போதும், கண்டனூர்த் தேக்குக் கதவின் வாசனை மூக்கில் வந்து நிற்கும். உரிமையாளர்கள் கல்யாணத்துக்கு மட்டும் வந்து திறக்கிற அந்தப் பெரிய வீட்டுக்கு, என் சின்ன வயதில் நாங்கள் காவல். திறந்து கிடந்தால் திருடர்கள் கதவையே பெயர்த்து விற்றுவிடுவார்கள் என்று அப்பாவுக்குப் பயம். வயலுக்குப் போகும்போது என்னை உள்ளே விட்டு வெளியே பூட்டுவார்.

"எங்குட்டும் போயிராத, ஆத்தா!"

எங்கே போவதாம்? முற்றத்துத் தரையில் கரித்துண்டால், நான் பார்த்தே இராத புல்வெளியை வரைவேன். நடுவில் ஒரு சின்ன வீடு.

இன்றும் அதையேதான் வரைகிறேன். வாங்க வந்த ஓட்டல்காரர் படத்தை உற்றுப் பார்த்தார்.

"வெளிய பூட்டு வரஞ்சிருக்கீகளே, வீட்ல ஆளு இல்லையாக்கா?"

"இருக்கு," என்றேன். "உள்ளதான்."