புழுதிக்குள் ஓட்டிய சுற்றுகள்

நான் கார் பந்தயத்துக்குள் வந்ததற்குக் காரணம் என் கணவரின் காது. வளைகுடா நாட்டில், மங்காஃபில் நாங்கள் குடியிருந்தபோது அவர்தான் பந்தய ஓட்டுநர். ஒரு பழைய ஜப்பான் காரின் கண்ணாடிகளைக் கழற்றி, கதவுகளை வெல்டிங் வைத்து அடைத்து, உள்ளே இரும்புக் குழாய்களால் கூடு கட்டியிருந்தார். குளிர்கால வெள்ளிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே ஒரு நீள்வட்ட மண் தடத்தில் அதை ஓட்டுவார். ஒரு வருடம் உள்காதில் ஏதோ கோளாறு வந்து, தலையைத் திருப்பினாலே அவருக்கு உலகம் சுற்றியது. ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றுவிட்டார் டாக்டர். கார் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது.

"நீ ஓட்டேன் புள்ள," என்றார் ஒருநாள், சோற்றைப் பிசைந்துகொண்டே.

"வெளையாடுறீங்களா மச்சான்?"

"இந்த டிராஃபிக்குல ஸ்கூல் வேன் ஓட்டுறவதானே நீ? அங்க எதுத்தாப்புல வண்டியே வராது."

முதல் பந்தயத்தில் கடைசியாக வந்தேன். மண்ணில் கார் போகவில்லை, வழுக்கியது. இடப்பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடிக்க வேண்டியிருந்தது. அந்த ஒரு நொடியில் உடம்பிலிருந்து எடை கழன்றுபோகும். வாரம் முழுக்க வேனில் பிள்ளைகளின் இரைச்சலுக்கு நடுவே அந்த நொடியைத்தான் நினைத்துக்கொண்டிருப்பேன். எப்போதும் முதலில் வருகிற பெஷாவர்க்காரர், ஒர்க்ஷாப் வைத்திருப்பவர், தாண்டிப் போகும்போதெல்லாம் கையைத் தூக்கிக் காட்டுவார். அடுத்த குளிர்காலத்தில் நடுவில் வந்தேன். அதற்கடுத்ததில் அவர் கையைத் தூக்குவதை நிறுத்திவிட்டார்.

அந்தப் பருவத்தின் முடிவில், பாதிப் பந்தயத்தில், மேற்கே புழுதிப்புயல் வானம் உயரத்துக்குப் பழுப்பாக எழுந்தது. முன்னால் போன கார் மறைந்தது. பிறகு என் பானெட்டும் மறைந்தது. நின்றால் பின்னால் வருகிறவர் மோதிவிடுவார் என்று பயந்து, வேகத்தைக் குறைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். உடம்பு வலப்பக்கம் சாய்ந்தால் வளைவு, நிமிர்ந்தால் நேர்ப்பாதை. வேறு அடையாளம் இல்லை. எங்கும் ஆரஞ்சு வெளிச்சம். என் எஞ்சின் சத்தமே வேறு யாருடைய வண்டியிலிருந்தோ வருவதுபோல் கேட்டது. பயம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்படி ஒரு நிம்மதியை நான் எந்த வீட்டிலும் அனுபவித்ததில்லை.

சாய்ந்தேன், நிமிர்ந்தேன், சாய்ந்தேன். திடீரென்று பக்கத்தில் ஒரு பச்சைத் துண்டு அசைந்தது. பிரேக்கை அழுத்தினேன். தடத்தின் உட்புறம் பழைய டயர்களை அடுக்கிய சுவரை ஒரு கையால் பிடித்தபடி என் கணவர் நின்றிருந்தார். புருவமெல்லாம் மண்.

"செவப்புக் கொடி காட்டி, எல்லாரும் நிறுத்தி எவ்வளவு நேரமாச்சு! நீ யாரு கூட ரேஸ் ஓடுற?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னும் ஒரு சுத்து விட்டிருக்கலாம்ல மச்சான்."

அவர் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து குளித்து, தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார். "ஒன் வண்டிச் சத்தம் கிட்ட வரும், பெறவு தூரப் போயிடும். ஒவ்வொரு தடவையும் இப்ப மோதப்போகுதுன்னு நெனச்சேன்." அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு அது எவ்வளவு இன்பமாக இருந்தது என்பதை அன்று அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த குளிர்காலத்தில் ஒரே ஒருமுறை ஜெயித்தேன். பெஷாவர்க்காரரின் டயர் வெடித்ததால் கிடைத்த வெற்றி. "காட்டுங்க பாபி," என்று, தன் மொழியில் அண்ணி முறை சொல்லி, அவரே கோப்பையை வாங்கிப் பார்த்து, தன் சட்டையால் துடைத்துக் கொடுத்தார். அதன்பிறகு தடம் இருந்த நிலத்தைச் சுற்றி வேலி போட்டு கிடங்குகள் கட்டத் தொடங்கினார்கள். வேறு தடம் தேட எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

காரைப் பெஷாவர்க்காரர்தான் வாங்கிக்கொண்டார், எஞ்சினுக்காக. இழுத்துப்போக டிரெய்லர் வந்தபோது என் கணவர் சாவியை என்னிடமே நீட்டினார். "ஏத்திவிட்டுட்டு வா."

பலகைகள் மேல் மெதுவாக ஏற்றி நிறுத்தினேன். இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கீழே இருவரும் ஏதோ பேசிக்கொண்டு, என்னை அவசரப்படுத்தாமல் நின்றார்கள்.